மலையேற்றமும் வழித்துணையும்

உலகின் உயர்ந்த மலைகளைப் பற்றி நூல்கள் தரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே. மலையின் உயரம் இத்துணை என்பது ஒன்று. அதன் முடியில் முதன்முதற் கால் வைத்தவர் இன்னார் என்பது மற்றொன்று. அவர்க்கு வழி காட்டியவர் யார், அவர் உண்ட உணவையும் உறங்கிய கூடாரத்தையும் சுமந்து சென்றவர் யார் என்னும் வினாக்கள் எழுவது அரிது. எழுந்தாலும் விடை கிடைப்பது அதனினும் அரிது.

மலைநாட்டிற் பிறந்து, மலைச்சரிவிலே பள்ளிக்கு நடந்து, மலையையே வாழ்விடமாகக் கொண்ட நம் மாணவர்க்கு இவ்வினாக்கள் புறம்பானவை அல்ல. நம் கண்ணெதிரே நிற்கும் சிவனொளிபாதமலையையும், ஆபிரிக்கக் கண்டத்தின் மிகவுயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோவையும் ஒருங்கே வைத்து, மலைப்பயணத்தில் வழித்துணைவர் பெறும் இடம் யாது, ஏட்டில் அவர் பெற்ற இடம் யாது என்று இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

1. தமிழ் இலக்கியத்தில் வழிகாட்டல்

வழி காட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவ்வள்ளலிடம் செல்லும் நெறியையும் எடுத்துரைத்து அனுப்புவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை வைத்து இதற்கு இலக்கணம் கூறுகிறது தொல்காப்பியப் புறத்திணையியல். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் என்பது மாணவர் அறிந்ததே.

அவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக் கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். நன்னன் என்னும் தலைவனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்கள் ஒவ்வொன்றாக இதில் எடுத்துரைக்கப்படுகின்றன. பன்றியை வீழ்த்த அமைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு ஒடுங்கியிருக்கும் குழி, தினைப்புனத்துக் காவலர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் வந்து விழும் இடம், பாசி படிந்து வழுக்கும் துறை ஆகியவை கூறப்படுவதோடு, அவ்வவ்விடத்துச் செய்ய வேண்டியதும் கூறப்படுகிறது. எங்கே கொடியைப் பற்றிக்கொள்ள வேண்டும், இரவில் எங்கே தங்க வேண்டும், எந்தச் சிற்றூரில் எவ்வுணவு கிடைக்கும் என்பனவெல்லாம் உண்டு.

ஈண்டு நாம் உளங்கொள்ளத்தக்கது ஒன்று. மலையை வென்றோம் என்னும் பேச்சு இப்பாட்டில் இல்லை. தான் அறிந்த வழியைப் பின்வருவானுக்கு மறைக்காது உரைப்பவனே இதில் பேசுகிறான். முன்னே சென்றவனுக்குப் பின்னே வருபவன்பால் ஒரு கடன் உண்டு என்பது ஆற்றுப்படையின் அடிப்படை.

2. ஆரியச்சக்கரவர்த்தி அனுப்பிய துணை

மொரோக்கோ நாட்டவரான இபுனு பதூதா என்னும் பெரும் பயணி 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரை நோக்கிக் கலமேறினார். காற்று அக்கலத்தை இலங்கைக் கரைக்குத் தள்ளியது. கடலில் வரும்போதே சிவனொளிபாதமலையைப் புகைத்தூண் போலக் கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். கரையிறங்கிய இடம் புத்தளம். அப்பகுதி அப்பொழுது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அரசர் பாரசீக மொழி அறிந்தவர். முத்துக்களைக் காட்டி, வேண்டுவது யாதெனக் கேட்டார். மலைமேலுள்ள திருவடியைக் காண்பதே தம் விருப்பம் என்றார் பயணி.

அரசர் அளித்த துணையைப் பயணியே எண்ணிக் கூறுகிறார். ஏறிச் செல்லப் பல்லக்கொன்றும் அதனைச் சுமக்க அடிமைகளும் கொடுக்கப்பட்டனர். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசரின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் உடன் அனுப்பப்பட்டனர். கூட்டிப் பார்த்தால், பல்லக்குச் சுமந்தோரை நீக்கியே 32 பேர் ஆகின்றனர். ஒருவர் மலையேற முப்பத்திருவர் உடன் நடந்தனர்.

பயணியின் குறிப்பு வழிநடைச் செய்திகளால் நிறைந்தது. ஈரமான இடங்களில் அட்டை கடிக்கும் என்றும், அதன்மேற் பிழிய எலுமிச்சம்பழத்தை மக்கள் கையில் வைத்திருப்பர் என்றும் எழுதுகிறார். நம் தோட்டங்களில் மழைக்காலத்திற் கொழுந்தெடுப்போர்க்கு இது புதுச் செய்தி அன்று. உச்சிக்கு ஏறும் வழிகள் இரண்டு என்றும், தந்தையாகிய ஆதமின் பெயரால் பாபா வழி, தாயாகிய ஏவாளின் பெயரால் மாமா வழி என அவை அழைக்கப்பட்டன என்றும் கூறுகிறார். மாமா வழி எளியது. அடியார் இறங்கும் வழி. பாபா வழி கடியது; அதன்வழி ஏறினாலன்றி யாத்திரை நிறைவுற்றதாகக் கொள்ளார். செங்குத்தான பாறையில் வெட்டப்பட்ட படிகளும், இரும்பு முளைகளிற் பிணித்த பத்துச் சங்கிலிகளும் அக்காலத்திலேயே இருந்தன. உச்சியின் கீழுள்ள குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் திருவடியைக் கண்டு வருவது யாத்திரிகர் வழக்கமாம்.

புத்தளத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனைக்கும், காலி, கொழும்பு வழியாக மீண்டும் புத்தளத்துக்கும் அவர் சென்றார். வழியறிந்த துணைவரோடு பல நாள் நடந்து உயர்மலையேறி மீண்டதற்கு இந்நாட்டில் இதனினும் சிறந்த பழஞ்சான்று காண்பது அரிது.

ஆயினும் அம்முப்பத்திருவரில் ஒருவர் பெயரும் அந்நூலில் இல்லை. பயணிக்கு நன்றி இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர் எண்ணிக்கையையேனும் தந்தார். பின்வந்த பலர் அதனையும் தந்திலர். பயணம் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், நினைவிலிருந்து சொல்லி மற்றொருவர் எழுதிய நூல் அது. அரசர் நினைவில் நின்றார். அட்டையும் சங்கிலியும் நின்றன. அரிசி சுமந்தவர் பெயர் நிற்கவில்லை. மறதியும் ஒரு நெறிப்படியே நிகழ்கிறது என்பதை மாணவர் இங்கே உணரலாம்.

3. இன்றைய சிவனொளிபாதமலை

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி உயரமுடையது. இந்நாட்டின் உயர்ந்த மலை நுவரெலியாவிலுள்ள பிதுருதலாகல ஆயினும், மக்கள் உள்ளத்தில் உயர்ந்து நிற்பது இதுவே. உச்சியிலுள்ள சுவடு சைவர்க்குச் சிவபெருமான் திருவடி. பௌத்தர்க்குப் புத்தர் பெருமான் திருவடி. இசுலாமியர்க்கும் கிறித்தவர் பலர்க்கும் ஆதமின் அடி. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசி விசாகப் பூரணை வரை யாத்திரைக் காலம். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாகச் செல்வது நெடிய வழி. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறுவது குறுகிய வழி. குறுகிய வழியிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. நல்லதண்ணி என்னும் பெயர் தமிழென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நீர் கண்டு அவ்விடத்துக்கு முதலிற் பெயரிட்டவர் யாரென்பதுதான் எவ்வேட்டிலும் இல்லை.

சிங்கள யாத்திரிகரிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. கூட்டமாகச் செல்வோர், முன்னரே மலையேறிப் பழகிய முதியவர் ஒருவரைத் தலைவராகக் கொள்வர். அவரை 'நடே குரா' என்பர். எங்கே நீராட வேண்டும், எங்கே நூலோட்ட வேண்டும், எங்கே பேச்சடக்க வேண்டும் என்பதை அவரே கூறுவார். எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை உச்சியில் மணியடிப்பது யாத்திரிகர் மரபு. பெரியவர் ஒருவர் மணியைப் பல முறை அடிக்கும்போது, முதன்முறை வந்த சிறுவன் வாய்விட்டு எண்ணுவான். வழிகாட்டிக்கு அம்மணியைவிடச் சிறந்த சான்றிதழ் வேறில்லை.

பல்லாண்டுகளாக மாணவரின் கட்டுரைப் பயிற்சிகளைத் திருத்தி வந்ததில் யாம் கண்டதொன்றை இங்கே குறித்தல் தகும். 'யான் சென்ற மலையாத்திரை' என்னும் தலைப்பில் எழுதும் பிள்ளைகள், பேருந்திலே தொடங்கிச் சூரியோதயத்தில் முடிப்பர். மலையின் முக்கோண நிழல் மேகத்தின்மேல் விழுந்த அழகை நன்றாகவே வருணிப்பர். சோற்று மூட்டையை யார் சுமந்தார், தூங்கிவிட்ட தம்பியை யார் தோளில் ஏற்றினார், முழங்கால் வலியோடு முன்னே நடந்து படியின் வழுக்கலைச் சொல்லிக் கொண்டே போன பாட்டி யார் என்று எழுதுபவர் மிகச் சிலர். கேட்டால் உடனே சொல்வர். ஆகவே அவர்கள் அறியாதவர் அல்லர். எழுதத்தக்கது என்று கருதாதவர். பயணநூல்கள் கற்பித்த பாடம் இது போலும்.

4. கிளிமஞ்சாரோ

இனி, கடல் கடந்து தன்சானியா நாட்டிற்குச் செல்வோம். புவிநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகையளவில், சமவெளியினின்று தனியே எழுந்து நிற்பது கிளிமஞ்சாரோ. அதன் முடி 5,895 மீற்றர். நம் சிவனொளிபாதமலையின் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட உயரம். அடிவாரத்தில் சாக்கா என்னும் மக்கள் வாழையும் கோப்பியும் பயிரிடுகின்றனர். அதற்கு மேலே மழைக்காடு, அதற்கும் மேலே குறும்புதர் நிலம், பின் கல்லும் மணலுமான பாழ்நிலம், முடியிலே பனிக்கட்டி. சில நாள் நடையில் வெப்பவலயத்தினின்று துருவத்துக்குச் சென்றாற் போன்ற மாற்றம் காணப்படும்.

சிவனொளிபாதமலையை ஓரிரவில் ஏறிவிடலாம். கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் முதல் ஒன்பது நாள்வரை வேண்டும். இதற்குக் காரணம் தொலைவு மட்டுமன்று. அம்முடியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறக்குறையப் பாதியே. ஆதலின் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகிறது. உடல் இதற்குப் பழக நாள் வேண்டும். விரைந்து ஏறுவார்க்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் உண்டாகும்; முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே இறுதியாகும். இளைஞரும் வலியரும் இதற்கு விலக்கல்லர். ஆதலாற்றான் அங்குள்ள வழிகாட்டிகள் சுவாகிலி மொழியில் 'போலே போலே' என்று ஓயாது சொல்வர். மெல்ல மெல்ல என்பது பொருள். இறுதி நாளில் நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு விடியலில் முடியை அடைவது வழக்கம். இவ்வளவில் அதுவும் நம் மலையேற்றமும் ஒன்றே.

இம்மலையில் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி ஏறுதற்கு இசைவில்லை. ஏறுபவர் ஒருவர்க்குச் சுமையாளர் பலர். கூடாரம், அடுப்பு, எண்ணெய், உணவு, நீர் யாவும் அவர்தம் தலையிலும் முதுகிலுமே ஏறுகின்றன. ஒருவர் சுமக்கும் பொதி 20 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது விதி. விதி இருந்தும் அது காக்கப்படுகிறதா, கூலி முறையாகக் கொடுக்கப்படுகிறதா, குளிருக்கேற்ற உடை உண்டா என்று கண்காணிப்பதற்கென்றே 2003 முதல் ஓர் அமைப்பு இயங்கி வருகிறது. விதி மட்டும் போதவில்லை என்பதற்கு அதுவே சான்று.

1889 ஒக்டோபர் 6ஆம் நாள் இம்முடியை முதலில் அடைந்தவர்கள் என ஏடுகள் கூறுவது செருமானியரான ஹான்ஸ் மேயரையும் ஒஸ்திரியரான லுட்விக் பூர்ட்செல்லரையும். மேயர் 1887இல் முயன்று தோற்றவர். பின்னைய முயற்சியில் வெவ்வேறு உயரங்களில் தங்குமிடங்கள் அமைத்து, மாராங்கு என்னும் ஊரிலிருந்து உணவை இடையறாது மேலே சுமந்து வரச் செய்தார். வெற்றிக்கு அவ்வேற்பாடு பெருங்காரணம். சுருங்கச் சொன்னால், அவ்வெற்றியைத் தாங்கியவை மாராங்கு மக்களின் தோள்கள். அவ்வூரினரான யோஹானி கின்யாலா லாவுவோ என்னும் முதியவர் அப்பயணத்தில் வழிகாட்டியாய்ச் சென்றவர் என, நூற்றாண்டு நிறைவாகிய 1989இல் பாராட்டப் பெற்றார். 1996இல் அவர் காலமானார். பெயர் ஏட்டிலேற நூறாண்டு சென்றது.

செருமானியர் அம்முடிக்குத் தம் பேரரசர் பெயரையே இட்டிருந்தனர். 1961 டிசெம்பரில் நாடு விடுதலை பெற்றபோது அம்முடியில் தீப்பந்தம் ஏற்றப்பட்டது. இன்று அதன் பெயர் உகுரு, அதாவது விடுதலை. மலைக்குப் பெயரிடும் உரிமையும் மக்கள் உரிமைகளுள் ஒன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1953 மே 29இல் எவரெஸ்டு முடியை ஹில்லரியோடு அடைந்த டென்சிங், 1935இல் சுமையாளராகவே மலைத்தொழிலைத் தொடங்கியவர். அவர் பெயர் ஹில்லரியின் பெயரோடு ஒருசேர வழங்குகிறது. ஏடு நேர்மையாக எழுதப்படின் இவ்வாறே எழுதப்படும்.

5. கூலியும் பேரும்

இவ்வாராய்ச்சி நம் இல்லத்தருகே வந்து நிற்பதைக் காண்மின். இம்மலைநாட்டை முதலில் ஏறியவர் யார்? 1820களிற் கோப்பிப் பயிர் தொடங்கிய நாள் முதல், தமிழகத்தினின்று வந்தவர்கள் மன்னார்க் கரையிலிறங்கி, கங்காணியின் பின்னே காட்டுவழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர் மிகப் பலர். எஞ்சியவர் மலைகளில் ஏறிக் காடு வெட்டினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார் என்பது ஒவ்வொரு பாடநூலிலும் உண்டு. அந்நிலத்தைத் திருத்திய கைகள் எவருடையவை என்பது பாடநூலில் இல்லை.

தமிழாசிரியர் என்ற முறையில் இரு சொற்களை இங்கே மாணவர் முன் வைக்கின்றோம். கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம், பழந்தமிழ்ச் சொல். தோட்ட நிருவாகத்தில் அச்சொல் ஊதியத்தை விட்டு ஆளைக் குறிக்கலாயிற்று. பெயர் என்பது ஒருவரைச் சுட்டும் சொல். தோட்ட வழக்கில் அது 'பேர்' என நின்று, ஒரு நாட் சம்பளத்தைக் குறிக்கலாயிற்று. செக்குரோலிற் பதிந்தால் 'பேர் விழுந்தது' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' என்பர். கூலி ஆளாயிற்று, பேர் கூலியாயிற்று. இவ்விரு சொற்களும் இடம் மாறியதற்குள் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை நினைந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்டு 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். முன்னோர் பெயர் அறியாதார், அவர் நடந்த வழியையேனும் நடந்து காட்டினர். காலால் எழுதிய வரலாறு என அதனைக் கூறலாம்.

6. செய்யத்தக்கன

அதே 2023இல், கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி அமைந்தது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இவ்வழி 22 கட்டங்களை உடையது. தேயிலையை ஏற்றிச் செல்ல அமைந்த பழைய தோட்டப் பாதைகளே பெரும்பாலும் இதற்கு அடிப்படை. பல நாட்டாரும் பல நாள் நடக்க வருகின்றனர். அவர்க்கு வழிகாட்டப் போகிறவர் யார்? தோட்டத்துப் பிள்ளை பொதி மட்டும் தூக்குவானா, கதையும் சொல்வானா? வழி சொல்வதற்குக் கால் போதும். கதை சொல்வதற்குக் கல்வி வேண்டும். எந்த லயம் எந்நாளில் எழுந்தது, எந்தக் காமன் கூத்து எந்தத் தோட்டத்தில் நிகழும், எந்த ஊற்று நல்ல தண்ணீர் என்பதை அறிந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்ல வல்லவனே வழிகாட்டி. அல்லாதவன் சுமையாளனாகவே நிற்க நேரும். சுமத்தல் இழிவன்று, சுமப்பவன் பெயரை மறைத்தலே இழிவு.

பழந்தமிழகத்துச் சாலையோரங்களிலும் யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுதற்கென அறமாக நிறுத்தியவை அவை. சுமப்பவனை நினைந்து கல் நாட்டிய மரபினர், அவனை நினைந்து ஒரு வரி எழுதுதல் அரிதன்று.

ஆகவே மாணவர் பின்வரும் பயிற்சிகளைச் செய்வாராக.

(அ) எப்பயணநூலைப் படிப்பினும் மூன்று வினாக்களை எழுப்புக: வழி காட்டியவர் யார்? சுமந்தவர் யார்? அவர் பெற்றது யாது?

(ஆ) இபுனு பதூதாவுடன் உணவு சுமந்து சென்ற பதினைவருள் ஒருவராக உம்மைக் கொண்டு, புத்தளத்திலிருந்து மலைவரை சென்ற செலவை இரண்டு பக்க அளவில் வரைக.

(இ) உங்கள் தோட்டத்திலுள்ள ஒற்றையடிப் பாதைகள், ஊற்றுகள், பாறைகள் ஆகியவற்றுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க. சொன்னவர் பெயரையும் வயதையும் அவர் இசைவோடு உடன் எழுதுக.

(ஈ) அடுத்த யாத்திரைக் காலத்தில் மலையேறி வந்தபின், உடன் வந்தோர் அனைவர் பெயரையும் கட்டுரையின் முதற் பத்தியிலேயே எழுதுக.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். நம்முள் வழிகாட்டிகளாகவும் ஊர்தி ஓட்டுநராகவும் தோட்ட உத்தியோகத்தராகவும் பணிபுரிவோர் பலர் உளர். தாம் நடந்த வழிகளையும், தமக்கு அவ்வழிகளைக் காட்டிய பெரியோர் பெயர்களையும் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அளிப்பாராயின், அத்தொகுப்பே நம் காலத்து ஆற்றுப்படையாக அமையும். மாத்தளை வழிநடையைத் தம் பாட்டன் பாட்டியர் வாயிலாகக் கேட்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர் நினைவில் இருப்பது அவரோடு போய்விடாமல் ஏட்டில் ஏற வேண்டும். இவ்வாண்டே தொடங்குதல் நலம்.